டூட்டி அக்கா கேட்ட இளைப்பாற்றி

விமானத்தில் எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர் இருமினார். சாதாரண இருமல்தான். ஆனால் என் பக்கத்து இருக்கையில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த டூட்டி அக்கா, "இதோ வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பில் பெல்ட் இழுத்துப் பிடித்தது. கால்கள் கீழே செருப்பைத் துழாவின. பிறகு கண்ணைத் திறந்து, முன்னால் இருந்த சின்னத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க இருக்கோம்?"

"ஆகாயத்துலக்கா."

"அப்ப சரி."

தலைக்கு மேலே ஆள் படம் போட்ட ஒரு பட்டன் இருந்தது. அது எதற்கு என்று கேட்டார். அதை அமுக்கினால் பணிப்பெண் வருவார், தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து தருவார் என்று சொன்னேன்.

"நான் அமுக்கினாலும் வருவாங்களா?"

"யாரு அமுக்கினாலும் வருவாங்க."

அந்தப் பட்டனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கவில்லை. "பாவம், அவங்களே இப்பதான் உக்காந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர் குழு வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போன பயணம் அது. வயதான பெண்களுக்காகக் கன்னியர்கள் நடத்தும் ஓர் இல்லம். அங்கே இரண்டு வாரம் தங்கி, சுவருக்கு வண்ணம் அடித்து, தோட்டத்தைச் சுத்தம் செய்து, பாட்டுப் பாடிவிட்டு வர வேண்டும். எங்கள் பங்கிலிருந்து போய் அங்கே வசதியாகிவிட்ட ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். லாரியில் மூட்டை இறக்கும் என் அப்பாவுக்கு, நான் என்ன படித்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "எம் பொண்ணு பெரிய படிப்பு" என்பார். டூட்டி அக்கா என்னை "டிகிரி" என்று கூப்பிடுவார். கிண்டலா மரியாதையா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இளைஞர் குழுவுக்கு வயது வரம்பு உண்டு. அக்கா அதை எப்போதோ தாண்டிவிட்டார். ஆனால் எங்கள் பங்கில் கல்யாணம் ஆகாதவர்கள் எல்லாரும் இளைஞர்கள்தான். அதனால் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரும் கூட்டத்துக்கெல்லாம் வந்ததில்லை. கூப்பிட்டால், "டூட்டி இருக்கு" என்பார். கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்க என்றால், "டூட்டி இருக்கு, கட்டிக் குடுங்க" என்பார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு அட்டெண்டர் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது. அது முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே அவருடைய அப்பா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்து, முன்னறைக் கட்டிலில் கிடந்தார். அங்கேயும் அதே வேலைதான். யூனிஃபார்ம் மட்டும் கிடையாது. அம்மா, அக்காவின் பள்ளிக்கூட நாட்களிலேயே இறந்துவிட்டார். அதோடு படிப்பு நின்றது. பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. முன்னறையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பதால், கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை.

ஒரு தம்பி இருந்தார். எலக்ட்ரீசியன். கல்யாணம் ஆனதும் இரண்டு தெரு தள்ளிக் குடிபோய்விட்டார். அடிக்கடி வந்து வாசலில் நின்று, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவரைப் பற்றி அக்கா ஒரு குறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை.

"அவன் நல்லவன்தான். அந்த வாடை அவனுக்கு ஒத்துக்காது" என்றார் ஒருமுறை.

"உங்களுக்கு ஒத்துக்குமாக்கா?"

"என்னை யாரு கேட்டா?"

இந்தப் பயணத்துக்கு, "நோயாளிகளைப் பாத்துப் பழகின ஒரு ஆள் கூட இருந்தா நல்லது" என்று ஒரு ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை சொன்னபோது எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். டூட்டி இருக்கு என்பார் என்றுதான் நினைத்தோம். அவர் எழுந்து நின்று, "போறேன் ஃபாதர்" என்றார். அவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டதில் ஃபாதரே கொஞ்சம் தடுமாறிப்போனார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் பேசியதும் ஃபாதர்தான். அங்கியோடு வாசலில் வந்து நிற்கிறவரிடம் வாடை ஒத்துக்காது என்று யார் சொல்ல முடியும்?

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து குழுவின் பதாகையை வாங்கக் கோயிலுக்குள் போயிருந்தேன். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் கோயில்பிள்ளை மெழுகுவர்த்தித் தண்டில் உருகிப் பிடித்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பூசைக்கு வேண்டிய சாமான்களை எடுத்துவைப்பது, மணியடிப்பது, யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று ஜனங்கள் சொல்லும் கருத்துகளைக் கேட்டு ஃபாதருக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். அக்கா வாசலில் நின்றார்.

"ஒரு பூசைக் கருத்து சொல்லணும்."

"சொல்லும்மா. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாத்தான் இருக்கு."

அக்கா ஒரு பெயரையும், அடையாளத்துக்கு அப்பா பெயரையும் சொன்னார்.

"என்ன கருத்து?"

"இளைப்பாற்றி."

"வருஷம் ஆச்சா?"

"அது ஆச்சு, எத்தனையோ வருஷம்."

"பாவம்" என்றார் கோயில்பிள்ளை.

"ஆமா" என்றார் அக்கா.

அம்மாவுக்காக வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோயில்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருப்பார். எங்கள் கோயில் வாசலுக்கு மேலே, சுமை சுமந்து களைத்தவர்களை வந்து இளைப்பாறச் சொல்லும் வசனம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். வாரா வாரம் அதற்குக் கீழே நுழைந்து வெளியே வருகிறோம். ஆனால் இளைப்பாற்றி என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்வது கல்லறையில்தான். இறந்தவர்களுக்கு அதைக் கொடுக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்போம். உயிரோடு இருக்கும் யாரும் தனக்கென்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த இல்லம் ஒரு நீளமான மாடிக்கட்டடம். கீழே சாப்பாட்டு அறையும் சமையலறையும், மேலே வார்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், நடுவில் தள்ளுவண்டி போக வழி. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சின்ன அலமாரி. அதன் மேல் மூடி போட்ட குவளை, கண்ணாடி, பல்செட் வைக்கும் டப்பா. ஃபினாயிலும் வேகவைத்த காய்கறியும் கலந்த வாசனை. உள்ளே நுழைந்ததும் நாங்கள் எல்லாரும் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டோம். அக்கா மட்டும் நின்று நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லா ஊர்லயும் இதே வாசனைதானா?" என்றார்.

தலைமைக் கன்னியரை மதர் என்று கூப்பிட்டோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் வயது. முதல் நாள் காலையில் சாப்பாட்டு அறையில் வேலை பிரித்தார். எங்கள் குழுத் தலைவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர், ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்ய, நான் இங்கிலீஷில் சொன்னேன். அக்காவின் முறை வந்தது.

"டிகிரி, எனக்கு சுவர் அடிக்கிற வேலை வேணும்னு சொல்லு" என்று என் காதுக்குள் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், "இவங்க ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்க. படுக்கையில இருக்கிறவங்களைப் பாத்துக்கறதுல இவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று பெருமையாகச் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். மதரின் முகம் மலர்ந்தது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சுவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவும் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போனார்.

நாங்கள் கீழே சாப்பாட்டு அறைச் சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, வண்ணம் அடித்தோம். பாட்டுப் போட்டுக்கொண்டோம். ஒருவர் மேல் ஒருவர் வண்ணம் தெளித்துப் படம் எடுத்துக்கொண்டோம். மாலையில் மேலே போய்ப் பாட்டிமார்களின் கையைப் பிடித்துக்கொண்டு பாடினோம். சிலர் அழுதார்கள், நாங்களும் அழுதோம். பிறகு கீழே இறங்கிவிட்டோம். நாங்கள் இறங்கிய பிறகு அழுதவர்களின் மூக்கைத் துடைத்தது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அக்காவும் நானும் ஒரே அறை. வார்டுக்கு நேர் கீழே. மேலே யாராவது இருமினால் தெளிவாகக் கேட்கும். கேட்டதும் பக்கத்துக் கட்டிலில் அசைவு தெரியும். காலையில் நான் எழும்போது அவர் கட்டில் காலியாக இருக்கும். போர்வை மடித்திருக்கும்.

ஒரு மத்தியானம் துவைத்த விரிப்புகளை மடிக்கக் கூப்பிட்டார். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து மடித்தோம். முகத்துக்கு நேராக வந்தபோது அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது தெரிந்தது.

"அக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ எதுக்கு வந்த?"

ஏழைகளுக்கு, முதியவர்களுக்கு என்று என்னவோ ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே அது நோட்டீஸ் படிப்பது மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டேன். நானும் எதற்குத்தான் வந்தேன்? விமானம் ஏறலாம் என்றா, பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் சொல்லிக்கொள்ளலாம் என்றா, நல்லவள் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றா? மூன்றும்தான் என்று தோன்றியது.

"நான் தூங்க வந்தேன்" என்றார் அக்கா.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான். கோழித்தூக்கம் தூங்கி அலுத்துப்போச்சு. ரெண்டு வாரம் சுவர்ல வண்ணத்தை அடிச்சோமா, சாப்பிட்டோமா, கட்டையைச் சாய்ச்சோமான்னு இருக்கலாம்னு பாத்தேன். சுவர் இருமாது பாரு."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பைபிளைக் கையில வெச்சுக்கிட்டு விமானம் ஏறி வந்துட்டு, எனக்குத் தூக்கம் வருதுன்னா?" விரிப்பை என் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்தார். "அடுத்தத எடு."

இரண்டாவது வாரத்தின் நடுவில் அந்த ஃபோன் வந்தது. தலைவர் ஏணி மேல் நின்று கூரையோரம் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்திருந்தேன். பாக்கெட்டில் மணி அடித்தது. பெருவிரலால் தடவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா எப்படி செத்துச்சு?" என்று ஒரு ஆண் குரல் அழுதது.

"எந்த அக்கா? யாருங்க நீங்க?"

"என் அக்காதாங்க. நான் அதுக்குத் தம்பி. காலையில பூசையில சாமியார் பேரைச் சொல்லிப் படிச்சாராம். என் பொண்டாட்டி கேட்டுட்டு ஓடி வந்தா. எங்களுக்கு ஏங்க முதல்லயே சொல்லல?"

தலைவர் என்னைப் பார்த்தார். பங்குத்தந்தையே சொன்னார் என்றால் எங்களுக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்குமோ என்று ஒரு கணம் அவர் முகத்தில் ஓடியது. ஏணியிலிருந்து குதித்தார். இருவரும் மாடிப்படியில் ஓடினோம். வழியெல்லாம் வண்ணம் சொட்டியது.

அக்கா வார்டின் கோடியில், ஒரு மூதாட்டியின் தலையைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து, கீழே பேசின் வைத்து, முடிக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு ஃபோன்" என்றார் தலைவர் மூச்சு வாங்க. "நீங்க செத்துட்டீங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஃபாதர்."

அக்காவின் கை இரண்டும் நுரை. ஃபோனை நான் வாங்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"யாருடா?"

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "அக்கா? நீ உயிரோடயா இருக்க?"

"அப்படித்தான் தெரியுது. ஈரக்கையா இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"சாமியார் உன் பேரையும் அப்பா பேரையும் சொல்லி, ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு படிச்சாராம்க்கா."

அக்கா மூதாட்டியின் நெற்றியில் வழிந்த நுரையை முழங்கையால் ஒதுக்கினார்.

"அது நான்தான்டா சொல்லிட்டு வந்தேன். கோயில்பிள்ளைகிட்ட."

"என்னக்கா இது? உனக்கு நீயே செத்த பூசை குடுத்தியா?"

"இளைப்பாற்றி வேணும்னுதான் கேட்டேன். செத்தாத்தான் குடுப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபோனில் தம்பி மனைவி, "அண்ணி இருக்காங்களா, அண்ணிதான் பேசறாங்களா" என்று கேட்பதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. தம்பி மறுபடி ஃபோனுக்கு வந்தார்.

"உயிரே போயிடுச்சுக்கா. ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அப்பாவை இனிமே யாரு பாத்துக்குவான்னு..."

அங்கேயே நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்கள் மூன்று பேருக்கும் அது கேட்டது.

"அதுதான் முதல்ல தோணுச்சா?" என்றார் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. ஒரு நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது மாதிரிக் கேட்டார்.

"ஐயோ, அப்படி இல்லக்கா. நான் அந்த அர்த்தத்துல..."

"விடுடா. எனக்கும் அதுதான் தோணியிருக்கும். அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. நீ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"புரட்டிப் படுக்க வெக்கிறியா? முதுகு புண்ணாகிடும்."

"வெக்கிறேன்க்கா. மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் செய்றேன். ஆனா செய்றேன்."

"சரி, வெச்சிடறேன். இந்தம்மாவுக்குக் கண்ணுல சோப்புப் போயிடும்."

முடியை அலசி, துண்டு சுற்றி, மூதாட்டியை நிமிர்த்திப் படுக்க வைத்தார். பேசினைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்தார். அதுவரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"டிகிரி, என் கூட வா. மதர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னக்கா சொல்லணும்?"

"நாளையிலருந்து எனக்கு டூட்டி வேண்டாம்."

படியில் இறங்கும்போது, என்ன காரணம் சொல்லட்டும் என்று கேட்டேன். "செத்துட்டேன்னு சொல்லு. அதான் கோயில்லயே படிச்சாச்சே" என்றார்.

மதர் தன் அறையில் ஒரு கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டு ஞாபகமா என்றார். இல்லை, களைத்துப் போயிருக்கிறார் என்றேன்.

"நாங்களும்தான்" என்றார் மதர். அதில் குத்தல் எதுவும் இல்லை. அங்கே இருந்த கன்னியர்களில் பாதிப் பேர் வார்டில் படுத்திருந்தவர்களைவிட ஒன்றும் இளையவர்கள் இல்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அக்காவை நன்றாகப் பார்த்தார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு சொல்லு" என்றார் அக்கா. நான் வாயைத் திறந்தேன். "இல்ல, வேண்டாம். அதைச் சொல்லாத. நன்றின்னு மட்டும் சொல்லு."

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. காலை மணி அடித்தது, பூசை நடந்தது, சாப்பாட்டு மணி அடித்தது. மேலே யாரோ இருமினார்கள். "இதோ வரேன்ப்பா" என்று தூக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். ஆனால் எழவில்லை, புரண்டு சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டார். மத்தியானமும் அசைவில்லை என்றதும் தலைவருக்குப் பயம் வந்துவிட்டது. என்னை உள்ளே அனுப்பி, வாசலில் நின்றபடி, "மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். சூடான மூச்சு வந்தது.

"இருக்காங்களா?"

"தூங்கறாங்க."

"இப்படியா தூங்குவாங்க?"

எனக்கும் தெரியவில்லை. நாங்கள் யாரும் அவர் முழுசாகத் தூங்கிப் பார்த்ததில்லையே.

அக்காவின் வார்டு வேலைக்கு என் பெயரைச் சொன்னேன். தியாகம் என்றெல்லாம் இல்லை. வேறு யாரும் கையைத் தூக்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் அக்காவையும் பார்த்திருந்தோம் என்று தோன்றியது. முடி அலசப்பட்ட அந்த மூதாட்டி என் கையைத் தட்டிவிட்டார். வாசல் பக்கம் கையைக் காட்டி, அவள் எங்கே என்பதுபோல ஏதோ கேட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். புரிந்தது போலிருந்தது. பிறகு என்னைத் தொடவிட்டார். சாயங்காலம் என் இடுப்பு விட்டுப்போனது. கையை எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை. ஒரே நாள். டிகிரி முடித்த பிறகு நான் வீட்டில் பாத்திரம் துலக்குவதையே அம்மா தடுத்துவிடுவார். படித்த பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்பார். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொள்வார். படிப்பு எனக்குத் தந்தது அறிவா, அல்லது இன்னொருவர் மேல் வேலையைத் தள்ளிவிடும் அனுமதிச் சீட்டா என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன்.

மீதியிருந்த நாட்களில் அக்கா தூங்கினார், எழுந்தார், சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். கடைசி நாள் கீழே வந்து, மிச்சமிருந்த ஒரு முழம் சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்தார். பிரஷ்ஷைக் கழுவி வைக்கும்போது, "நல்ல வேலை இது" என்றார்.

ஊர் திரும்பியதும் கோயிலில் ஒரு கலவரம். அடுத்த ஞாயிறு ஃபாதர் பிரசங்கம் முடித்துவிட்டு, அந்தச் சகோதரி இறை அருளால் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா முன்வரிசையில் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். கோயில்பிள்ளை ஓரமாக நின்று தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷத்துல உயிரோட இருக்கிற யாரும் இளைப்பாற்றி கேட்டதில்லையே. சுகம் கேப்பாங்க, வேலை கேப்பாங்க, வரன் கேப்பாங்க. நான் என்ன பண்றது?" பிறகு அக்காவிடம், "ஃபாதர் இன்னொரு பூசை வெக்கச் சொல்லியிருக்கார்ம்மா, சரியான கருத்துல. என்னன்னு சொல்லட்டும்?" என்றார்.

"அப்படியே இருக்கட்டும் விடுங்க. செத்தவங்க கணக்குல போட்டாத்தான் நம்ம ஞாபகம் வருது எல்லாருக்கும்."

அதற்குப் பிறகு கருத்துச் சொல்ல யார் போனாலும் கோயில்பிள்ளை சுரண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "இருக்கிறவங்களுக்கா, போனவங்களுக்கா?" என்று கேட்கிறார்.

பயணத்தைப் பற்றிப் பங்கு மலருக்கு நான்தான் எழுதினேன். வண்ணம் அடித்ததையும் பாட்டுப் பாடியதையும் எழுதினேன். அக்கா தூங்கியதை எழுதவில்லை. சேவைக் கட்டுரையில் அதை எந்த இடத்தில் வைப்பது என்று அப்போது தெரியவில்லை. இப்போது யோசித்தால், அந்த இரண்டு வாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதானோ என்று படுகிறது.

தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறேன் என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்ச நாள் வந்தார். பிறகு வேலை, மழை, பிள்ளைக்குக் காய்ச்சல். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. "என் பங்குக்கு ஞாயித்துக்கிழமை" என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

என் பெட்டியில் தங்கிவிட்ட அக்காவின் ஸ்வெட்டரைக் கொடுக்க ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். முன்னறையில் தம்பி, கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கு மேல் கைக்குட்டை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, பாதி சாத்தியிருந்த உள்ளறைக் கதவைக் காட்டினார்.

"அக்கா தூங்குது."

கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்தார். "ஏம்மா" என்றார்.

"நான்தான்ப்பா இருக்கேன். என்ன வேணும்?"

"ஏம்மா."

"அக்கா தூங்குதுப்பா. என்கிட்ட சொல்லுங்க."

அப்பா அவரிடம் சொல்லவில்லை. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்றாவது முறையாக, முன்னைவிடச் சத்தமாக, "ஏம்மா" என்றார்.

"இதோ வரேன்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தம்பியும் நானும் கதவைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். யாரும் வரவில்லை. கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு சீரான மூச்சு மட்டும் கேட்டது. அந்தக் குரல் போதும் என்பதுபோல அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி கைக்குட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டு எழுந்து, பேசினை எடுக்கப் போனார்.